ரூமில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஜோடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை ஊர்களைச் சுற்றக் கிளம்புகிறவர்கள், செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது ரூம் வாடகையில்தான். நான் நேர்மாறாகச் சொல்வேன். வண்டியில் குறையுங்கள், சாப்பாட்டில் குறையுங்கள், ரூமில் மட்டும் வேண்டாம். தனியாகப் போகும் பையன் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து எழுந்துகூடப் போய்விடுவான். எங்களுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும். நாள் முழுக்க உப்புக்காற்றில் அலைந்துவிட்டு வந்து குளிக்க வழியில்லை என்றால் மறுநாள் காலையில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள், அந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அந்தக் காசுக்கு எங்கே போவது? அரசு வண்டிகளில் போனாலே பாதி வந்துவிடும். சென்னையில் ஏறினால் மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று பஸ் மாறி மாறியே கரையோரமாக இறங்கலாம். தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் உள்ளூர் சுற்றலுக்கு என் கணவர் இவருக்கு மட்டும்தான் செலவு, அதை அவ்வப்போது நினைவுபடுத்துவது என் உரிமை. கர்நாடகத்தில் இது நடக்காது, அங்கே இலவசம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும்.

ஆலப்புழையில் எல்லோரும் ஹவுஸ்போட் விலை கேட்டு மூச்சு வாங்குவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையிலேயே கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் கோட்டயம் படகு நிற்கும். அதே வேம்பநாட்டுக் காயல்தான், கட்டணம் மட்டும் பஸ் டிக்கெட் மாதிரி. சன்னலோரம் உட்கார்ந்தால் கை எட்டும் தூரத்தில் தண்ணீர், இரு பக்கமும் காயல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்கள், ஒவ்வொரு துறையிலும் காய்கறிப் பையோடு இறங்கும் ஆட்கள். கோட்டயம் நெருங்கும்போது வாய்க்கால் குறுகி, குறுக்கே சின்ன நடைபாலங்கள் வரும். கரையில் நிற்பவர் கயிற்றை இழுக்கப் பாலம் எழும்பி வழி விடும். ஹவுஸ்போட்டுக்குக் கொடுக்கும் காசில் நல்ல ரூமாகப் பார்த்துச் சில நாள் தங்கிவிடலாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். தூத்துக்குடி மாதிரி ஊர்களில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், திருச்செந்தூர் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம், கேரளா போய்விட்டால் மதியம் மீன் சாப்பாடு. போதும்.

ரூம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுத மாட்டார்கள். என் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான். ஒரு ஊரில் லாட்ஜ் மேசையில் இருந்தவர் கார்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், அப்புறம் இவரிடம், “மேரேஜ் சர்ட்டிபிகேட் இருக்கா சார்?” என்றார். என்னிடம் கேட்கக்கூட இல்லை! கல்யாணம் ஆகாத இருவர் ஓட்டல் ரூமில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு தீர்ப்பு பேசினால் சாவி கிடைக்காது. முன்கூட்டியே போன் போட்டு, ஜோடியாக வருகிறோம், ஆதார் மட்டும்தான் காட்டுவோம் என்று சொல்லிவிடுங்கள். இழுத்தால் அடுத்த லாட்ஜ். ரயில் டிக்கெட் கையில் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஓய்வறையையும் (ரிட்டயரிங் ரூம்) ஐஆர்சிடிசியில் பாருங்கள், வாடகை பெரும்பாலும் வெளியே இருப்பதைவிடக் குறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையில் மழை கொட்டும், அக்டோபர் பிறந்தால் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பினால் இரண்டு பக்கமும் பார்க்கலாம். வேளாங்கண்ணியை மட்டும் ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை தவிர்த்துவிடுங்கள், திருவிழா நேரத்தில் அங்கே ரூம் கேட்டால் சிரிப்பார்கள்.