அகிலீஸின் உடலும் இலியட்டும்
குதிகாலைத் தவிர, கிரேக்க வீரர் அகிலீஸின் உடலில் எந்த ஆயுதமும் பாயாது என்று ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட் சொல்வதாக ஒரு பதிவு சுற்றுகிறது. நிறைய பேர் பகிர்ந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்: இலியட்டில் அப்படி இல்லை. 21-ஆம் காண்டத்தில் அவருக்கு ரத்தமே வருகிறது. இரு கையாலும் எறியக்கூடிய, ட்ராய் பக்க வீரன் அஸ்டெரோபயஸ் ஒரே நேரத்தில் இரண்டு ஈட்டிகளை வீசுகிறான். ஒன்றைக் கேடயத்தின் தங்கத் தகடு தடுத்துவிடுகிறது. மற்றது வலது முன்கையை உரசிக் கருங்குருதி வழிய வைக்கிறது.

சரிபார்க்க, முழு மொழிபெயர்ப்பு ஏதாவது ஒன்றில் 21-ஆம் காண்டம், 161 முதல் 168 வரையான வரிகளைப் பாருங்கள். உரைநடைப் பதிப்பில் வரி எண் இருக்காது, அஸ்டெரோபயஸ் பெயரைத் தேடினால் போதும். சுருக்கப் பதிப்புகளை நம்ப வேண்டாம், பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரி சண்டைகள்தான்.

உடம்பில் ஆயுதம் பாயாதபடி, குழந்தை அகிலீஸைப் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை, நமக்குக் கிடைத்திருப்பதில், கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் லத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் தெளிவாக வருகிறது. இலியட்டின் அகிலீஸ் கவசம் பறிபோனதும் போருக்குப் போக முடியாமல் நிற்பவர் (18-ஆம் காண்டம்). ஆயுதம் பாயாத உடம்பென்றால், புதுக் கவசம் செய்ய கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸ் ராத்திரியெல்லாம் உலை ஊத வேண்டியதே இல்லையே!