தாடியஸ் ஸ்டீவன்ஸ்: விட்டுப்போன சில பக்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அவரை ஏதோ பிறவியிலேயே அடிமை ஒழிப்புப் போராளி போலக் காட்டிவிட்டீர்கள். 1821-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அவர் வாதாடிய வழக்கு ஒன்று உண்டு. சேரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் விடுதலை கேட்டு நீதிமன்றம் போனார். ஸ்டீவன்ஸ் நின்றது எஜமானர் பக்கம், ஜெயித்தும் விட்டார். அந்தப் பெண் மறுபடி அடிமையானார். அதற்குப் பிறகுதான் மனிதர் மாறினார். இதைச் சொன்னால் அவர் மதிப்பு ஒன்றும் குறையாது, என் பார்வையில் அது அதிகமாகத்தான் ஆகிறது.

இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய 1835-ல் மாநில சட்டமன்றத்தில் சிலர் முயன்றபோது, தடுத்ததும் ஸ்டீவன்ஸின் பேச்சுதான். வளைந்த பாதத்தோடு ஏழ்மையில் வளர்ந்தவருக்குப் படிப்பின் அருமை தெரியாதா?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவருடைய இரும்பு ஆலையை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் படை 1863-ல் கொளுத்தியது. அப்புறம் 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்க முன்னின்றார். செனட்டில் ஒரே ஓட்டில் தப்பினார் ஜான்சன். அதை நீங்களே விரிவாக எழுதியிருக்கிறீர்கள், சரி.

கல்லறை விஷயத்தை எப்படி விட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை. அவர் வாழ்ந்த பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மற்ற இடுகாடுகளில் நிறம் பார்த்தார்கள் என்பதால், எல்லோரையும் அடக்கம் செய்த ஒரு சிறிய இடுகாட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காரணத்தையும் தன் கல்லறைக் கல்லிலேயே பொறிக்கச் செய்தார்.