முதலில் யார் இருக்கப் போகிறார்கள் என்று சொல்லுங்கள்

2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) பருவம் முடிந்துவிட்டது. 13 அணிகளில் சென்னையின் எஃப்சிக்கு 11-ஆவது இடம். நமக்குக் கீழே இருந்தது ஹைதராபாத்தும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மட்டும்தான். இப்போது வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி ஓடுகிறது: யாரை எடுக்கப் போகிறார்கள்? பிரேசில்காரரா, ஸ்பெயின்காரரா, ஆஸ்திரேலிய லீக்கில் ஆடியவரா?

எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதுதான். யார் இருக்கப் போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

காரணம் எளிய கணக்கு. 2021-22 முதல் ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள்தான் ஆட முடியும். அப்படியென்றால் பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர்கள். நல்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத் தேடினால் உலகம் முழுக்கக் கிடைப்பார். ஒரு நல்ல இந்திய லெஃப்ட் பேக்கை, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரைத் தேடிப் பாருங்கள், தேசிய அளவில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களும் பெரும்பாலும் வேறு அணிகளின் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். இந்திய வீரர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அணிதான் இந்த லீக்கில் மேலே வரும். நாம் பல வருடங்களாக அவர்களைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

2024-25-இல் கொல்கத்தாவின் மோகன் பகான், லீக் பட்டியலில் முதலிடத்துக்கான ஷீல்டு, இறுதிப் போட்டியில் வெல்பவருக்கான கோப்பை இரண்டையும் எடுத்தது. அவர்களுடைய கோல்கீப்பர் விஷால் கைத். மிட்ஃபீல்டில் அனிருத் தாபா, தீபக் தாங்ரி. மூன்று பேரும் ஒரு காலத்தில் நம் நீலச் சட்டையில் இருந்தவர்கள். 2023 ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் பெனால்டி ஷூட் அவுட்டில் கைத் பந்தைத் தடுத்தபோது கொல்கத்தா கொண்டாடியது. நான் டிவி முன்னால் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசை வீரர் சாங்தேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் இங்கே வந்தார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் கடைசி நேரத்தில் பந்தை வலைக்குள் போடும் நிதானம் அப்போது வரவில்லை. அவர் வாய்ப்பைத் தவறவிட்டபோதெல்லாம் ஸ்டாண்டில் எழுந்து நின்று கத்தியவர்களில் நானும் உண்டு. அதை இன்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன். 2022 ஜனவரியில் அவர் மும்பை போனார். அடுத்த பருவத்திலேயே லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கு. நாம் பொறுக்க முடியாமல் விட்ட பிள்ளையை இன்னொரு அணி இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

தாபா விஷயம் வேறு. அது எனக்கு வீட்டுக்குள் நடந்த மாதிரி. 2016-இல் பதினெட்டு வயதுப் பையனாக வந்தவர், 2018-இல் சாம்பியன் அணியில் ஆடினார், அப்புறம் கேப்டன். அக்கா மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் ஜெர்சியின் முதுகில் தாபா பெயர்தான். பள்ளி விட்டு வந்தால் சீருடையைக் கழற்றிவிட்டு அதைத்தான் போடுவான். துவைத்துத் துவைத்து 'பா'வின் பாதி உரிந்து போயிருந்தது. 2023-இல் தாபா மோகன் பகான் போனார். அவர் மோகன் பகானின் பச்சை மெரூனில் நேரு ஸ்டேடியத்தில் இறங்கிய அன்று அவனைக் கூட்டிப் போயிருந்தேன். அறிவிப்பில் தாபா பெயர் வந்ததும் என் கையைச் சுரண்டி, "மாமா, கைதட்டலாமா?" என்று கேட்டான். தட்டுடா என்றேன். எங்கள் வரிசையில் இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள்.

தாபா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோப்பை வெல்லும் அணியிலிருந்து அழைப்பு வந்தால் எந்த வீரனும் போவான். ஏழு வருடம் வளர்த்த ஒருவனுக்கு, இங்கேயே இருந்தாலும் கோப்பை வரும் என்ற நம்பிக்கையை நம்மால் கொடுக்க முடியவில்லை. என் ஆதங்கம் அது.

எப்படிக் கொடுத்திருக்க முடியும்? 2020-இல் லாஸ்லோ, 2021-இல் பாண்டோவிச், 2022-இல் பிரதாரிச், 2023-இல் மறுபடி ஓவன் கோய்ல். நான்கு வருடத்தில் நான்கு கோச். ஒவ்வொருவரும் வரும்போது தனக்குத் தெரிந்த வெளிநாட்டு வீரர்கள், தனக்குப் பிடித்த ஆட்டமுறை. முதல் மூன்று பருவமும் எட்டு, எட்டு, எட்டு. மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்றோம், ஆனால் அணி மட்டும் மூன்று முறை மாறியது.

கோய்ல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-20 பருவத்தின் நடுவில் ஜான் கிரிகரி விலகிய பிறகு வந்தவர். அடியில் கிடந்த அணியை இறுதிப் போட்டிவரை இழுத்துக்கொண்டு போனார். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று அடித்தோம், அங்கே 4-2 என்று வாங்கினோம், மொத்தம் 6-5. அந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். நம் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல். இறுதிப் போட்டி கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது, கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றோம். சரி, தோல்வி போகட்டும். அந்த அணியில் இரண்டு மூன்று இடங்களைச் சரிசெய்திருந்தால் அடுத்த வருடம் கோப்பை நமக்கு என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நடந்தது என்ன? கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-இல் கோய்லின் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை வென்றது.

அவர் திரும்பி வந்த 2023-24-இல் ஆறாவது இடம், பிளே ஆஃப். பெரிய சாதனை இல்லைதான், ஆனால் ஏணியின் முதல் படி. அதற்குப் பிறகு வந்த கோடையில் ஆகாஷ் சங்வான் கோவா போனார், ரஹிம் அலி ஒடிசா போனார், தேபஜித் மஜும்தார் ஈஸ்ட் பெங்கால் போனார், கிரிவெல்லாரோவும் கிளம்பினார். மந்தார், எல்சின்யோ, சீமா, ஜிதேந்திரா, கியான் நஸ்ஸிரி, ஹ்னாம்தே, நவாஸ், வில்மர் என்று ஒரு முழு அணியே உள்ளே வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இவர்களில் பலர் நல்ல வீரர்கள். அன்று நானும் இதே முகநூலில் மகிழ்ந்து எழுதினேன். முதல் ஆட்டத்தில் ஒடிசாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று ஜெயித்தபோது இந்த வருடம் நமக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் தடுப்பாட்டக்காரனும் கோல்கீப்பரும் ஒருவர் கத்துவது இன்னொருவருக்குப் புரிகிற அளவுக்குப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து ஒரே கோடையில் வாங்க முடியாது.

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. 2018-இல் பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று சாம்பியன் ஆனோம். கிரெகரி நெல்சன் கார்னர், மைல்சன் ஆல்வ்ஸ் தலை, கோல். மறுபடியும் அதே கார்னர், அதே தலை, கோல். அந்த அணியைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருந்தும் அடுத்த பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அப்போது மாற்றாமல் இருந்து என்ன கிழித்தோம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தக்கவைப்பது என்றால் கைகட்டி உட்காருவது இல்லை. அந்த வருடம் நடுத் தடுப்பில் செரெனோ போய்விட்டார், தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் பருவம் முழுக்க வெளியே. அந்த இரண்டு ஓட்டையும் கடைசிவரை சரியாக அடைபடவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அடையுங்கள். கூரையையே பிரித்துப் போடாதீர்கள்.

கணேஷ் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வியாசர்பாடிப் பையன். கோவாவுக்கு எதிரான 2018 அரையிறுதியில் அவர் தலையால் முட்டிய கோல் உள்ளே போனபோது ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. நம்ம ஊர்க்காரன் அடித்த கோல் அல்லவா! ஐஎஸ்எல்லில் நாம் கடைசியில் கிடந்த அதே 2018-19-இல்தான் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கை வென்றது. அந்த அணியில் ஆடிய நெய்வேலி எட்வின் பிறகு நம்மிடம் வந்தார், 2023-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அதே வருடம் அங்கே சேர்ந்த வியாசர்பாடி நந்தகுமார், டூரண்ட் கோப்பையில் ஒரே ஊர்ப் போட்டி அணியான மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கும் மேல் தள்ளி இருக்கிற ஊர் நம் பையனைத் தோளில் தூக்கி ஆடியது. வியாசர்பாடியிலிருந்து நேரு ஸ்டேடியம் எத்தனை தூரம்?

என் ஆசைகள் பெரியவை இல்லை. கானர் ஷீல்ட்ஸ் இருக்க வேண்டும். இந்த மோசமான பருவத்திலும் கோல் வாய்ப்புகளை உருவாக்கிக்கொண்டே இருந்த மனிதர் அவர். நம் இந்திய முன்வரிசை வீரர்கள் இர்ஃபானுக்கும் ஃபாரூக்குக்கும் நீண்ட ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் வீரர் வேறு அணியோடு பேசி முடித்துவிடலாம் என்பது ஃபிஃபா விதி. ஆகவே மே மாதம் விழித்துக்கொண்டு பயனில்லை, ஒரு வருடம் முன்பே கையெழுத்து வாங்க வேண்டும். தடுப்பின் நடுவில் தரமான ஒருவர், அவரோடு ஒரு ஸ்ட்ரைக்கர். புது வெளிநாட்டு வீரர்கள் என்றால் அது போதும். மற்றபடி சென்னை லீக்கில் வெயிலில் ஆடுகிற பையன்களை ஒரு ஆள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அக்கா மகன் இப்போது வளர்ந்துவிட்டான், பழைய ஜெர்சி அவனுக்குப் பத்தாது. புதுசு வாங்கித் தருகிறேன், முதுகில் யார் பெயர் போடலாம் என்று போன வாரம் கேட்டேன். "ஜூலை வரைக்கும் பார்ப்போம் மாமா" என்றான்.