கலர் பக்கம் 10 ரூபாய்

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பாடநூல் கழகப் புத்தகமெல்லாம் பிடிஎஃப்பாக இலவசம்தான், ஆனால் கையகலப் போனில் எவ்வளவு நேரம் படிப்பாள்? கண் எரியுதும்மா என்கிறாள். சரி என்று காரைக்குடிக்கு பஸ் ஏறினால், பிரிண்ட் கடையில் கலர் பக்கம் 10 ரூபாய். நேற்று 12 பக்கம். இரண்டு நாள் காய்கறிக் காசு.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கிறேன், இதயப் படத்தில் ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஒரே பழுப்பு! சிவப்பும் நீலமும் தெரியத்தானே கலர் கேட்டேன். மை தீரப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சமச்சீர்மை பாடத்துக்குக் காசே ஆகவில்லை. வீட்டு வளவுத் தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லில் பாதியை அட்டையால் மூடி, மீதியை வரைடி என்றேன். பூவும் கொடியும் பிசகாமல் வரைந்துவிட்டாள். இதயத்துக்கு எந்தத் தரையைப் பார்ப்பது? பக்கத்து வீட்டு ஆச்சி வேறு, "ஏத்தா, பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடலாம்ல" என்கிறார்கள். ராத்திரி கலர் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ரத்தக் குழாயாக நானே தீட்டிக்கொண்டிருக்கிறேன்.