யாரைக் கேட்டுச் செலவு செய்வது?

பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளாட்சிகளுக்குத் தெளிவான சட்ட வழிகாட்டுதல் இல்லை என்று ஒரு கட்டுரை சொல்வது முற்றிலும் உண்மை. அப்போது தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினராக இருந்தவன் நான். 2020 ஜனவரியில் பதவியேற்றோம். மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. கிருமிநாசினி வாங்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் கூடவோ தடை! முதலில் செலவு செய்துவிட்டுப் பிறகு ஒப்புதல் பெறலாமா என்று அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில். எழுத்தில் தர ஒருவரும் முன்வரவில்லை. நாளைக்குத் தணிக்கையில் மாட்டுவது யார்?

2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு உள்ளாட்சிகளுக்குக் கடமைகளை விதிக்கிறது, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் உத்தரவுக்கு உட்பட்டு. கடமை எங்களுக்கு, முடிவு மேலே.

அதைவிட என்னை வருத்தியது கிராம சபை நடக்காமல் போனது. அந்த ஆண்டு மே 1, ஆகஸ்ட் 15 கூட்டங்கள் இரண்டும் நடக்கவில்லை. அக்டோபர் 2 கூட்டமும் கடைசி நேரத்தில் ரத்து. மதுக்கடைகள் அப்போது திறந்துதான் இருந்தன.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலேயே உள்ளாட்சி மன்றங்கள் இணையவழியில் கூட விதிமுறை வகுத்துவிட்டார்கள். இங்கே திடலில் இடைவெளி விட்டு அமர்ந்து சபை நடத்தவாவது, அவசரச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கவாவது ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்.