அந்த வசனம் முதல் கதையில் அங்கிள் பென் சொன்னதல்ல

நம்ம சேலம் சினிமா ரசிகர்கள் இழையில் நேற்றிலிருந்து பகிரப்படும் பதிவு இது: ‘1962-இல் வந்த முதல் ஸ்பைடர்மேன் கதையிலேயே, பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்று அங்கிள் பென் பீட்டருக்கு அறிவுரை சொல்கிறார், பையன் கேட்கவில்லை.’

2002-இல் வந்த ஸ்பைடர்மேன் படத்துக்கு இது சரி. பெரியப்பா பென் காரில் உட்கார்ந்தபடி சொல்வார், ஸ்பைடர்மேனாக மாறிய பீட்டர் எரிந்து விழுவான். ஆனால் முதல் காமிக்ஸில் அவர் அதைச் சொல்லவே இல்லை. அங்கே யாரும் பீட்டரை எச்சரிப்பதில்லை. ஓடி வரும் திருடனைப் பிடிக்காமல் விடுகிறான். பிறகு பெரியப்பாவைக் கொன்றவனைப் பிடித்து முகத்தைப் பார்த்தால், அதே ஆள். வரி அதற்கப்புறம்தான் வருகிறது, கதைசொல்லியின் குரலில். எனக்கு இதுதான் கனமாகப் படுகிறது: புத்தி யாரும் சொல்லி வரவில்லை.

சரிபார்ப்பது சுலபம். அந்த முதல் கதை வந்த அமேசிங் ஃபேன்டஸி காமிக்ஸ் 15-ஆம் இதழின் மறுபதிப்போ மின்பதிப்போ கிடைத்தால் ஸ்பைடர்மேன் கதையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். பீட்டர் தனியாக இருட்டில் நடந்து போகிறான். வரி பேச்சு பலூனில் இல்லை, விவரணைப் பெட்டியில் இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர்க்காரர்கள் நாம், வசனம் யாருடையது என்பதில் கொஞ்சம் கறாராக இருக்கலாமே!