பொம்பெய் வீட்டு வாசல்கள்

ரோமானிய வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டியவை, வாசல் வெறும் நடைபாதைதான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல்களைப் பொறுத்தவரை சரி, வாசலுக்கு அது பொருந்தாது. காலையில் செல்வந்தரின் கதவைத் திறந்தாலே அவரை அண்டிப் பிழைப்பவர்கள் வணக்கம் சொல்ல வந்துவிடுவார்கள், எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயில் பல வீடுகளின் முன்னால் இன்றும் இருக்கும் கட்டுத் திண்ணைகளில் இவர்கள்தான் காத்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். திறந்த கதவுக்கு வெளியே நின்றால் குறுகிய நடை, நடுமுற்றத்தில் மழைநீர் விழும் தொட்டி, அதற்கப்புறம் வீட்டுத் தலைவரின் அறை, அதையும் தாண்டித் தோட்டத்துத் தூண்கள் வரை ஒரே நேர்க்கோட்டில் கண் போகும். உள்ளே விடாமலே செல்வத்தைக் காட்டும் ஏற்பாடு இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

வாசல் தரையில் நாய் மொசைக் (சிறு கற்கள் பதித்த படம்) இருக்கும், பொம்பெயின் 'துன்பியல் கவிஞர் வீடு' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கிலியில் கட்டிய கறுப்பு நாய், கீழே 'நாய் ஜாக்கிரதை' என்ற எழுத்து, எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். வாசலுக்கு இரு பக்கமும் கடைகள், அவற்றிலிருந்து வீட்டுக்குள் வர வழியும் உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. கி.பி. 79-ல் விழுந்த சாம்பலில் மரக்கதவுகள் பதிந்த இடத்தில் சாந்து ஊற்றி எடுத்த அச்சுகளைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.